நாற்றமே அடிக்காத மைதானம்

உலகத்திலேயே மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கிய ஒரே ஆசாமி எங்கள் மூக்கு அண்ணாச்சிதான். கல்கத்தாவில் தேயிலை ருசி பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே என்று யாரும் குறுக்கே வராதீர்கள். அவர்கள் நாக்கு ஆசாமிகள். அது வேறு டிபார்ட்மென்ட்.

ஆபீஸ் கணக்கில் அவர் ஹாக்கி டீமின் மேனேஜர். சொந்த ஊர் கோவில்பட்டி. அந்த ஊரில் குழந்தை எழுந்து நின்றதும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவரே சொல்லுவார். வாலிபத்தில் ரைட் அவுட் ஆடத் தெரிந்த ஒரே தகுதியில் எங்கள் கம்பெனியில் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தவர், முழங்கால் ஓய்ந்ததும் மேனேஜராகிவிட்டார். தமிழ் ஆட்களுக்கு அவர் மூக்கு அண்ணாச்சி. வங்காளிகளுக்கு நாக்-தா, அவர்கள் பாஷையில் நாக் என்றால் மூக்கு, தா என்றால் அண்ணன். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது.

நான் அதே ஆபீஸில் ஸ்டெனோ. அப்பா ரயில்வே வேலையாக ஹவுராவுக்கு வந்ததால் இங்கேயே பிறந்து வளர்ந்து பவானிபூரில் குடியிருந்தவள். ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் ஹாக்கி கமிட்டியின் காரியதரிசி நான்தான். ஃபுட்பால் கமிட்டிக்கும் கிரிக்கெட் கமிட்டிக்கும் அடிதடியே நடக்கும். ஹாக்கிக்கு ஆள் கிடைக்காது. "தங்கச்சி, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். மேட்ச் அன்னிக்கி வந்து நின்னா போதும்" என்று அண்ணாச்சி என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த இந்த அநியாயத்துக்கு நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

காலையில் செக்‌ஷனுக்குள் நுழைந்தால் அவரிடம் குட்மார்னிங் கிடையாது. மூக்கை ஒரு தடவை மேலே தூக்குவார், அவ்வளவுதான். "மித்ரா சாகேபு வீட்டுல இன்னிக்கி இலிஷ் மீனு. ஆனா முந்தாநாத்து மீனு. தங்கச்சி, ஒன் டப்பால எலுமிச்சஞ்சோறு. தாளிப்பு தீஞ்சிருக்கு." டப்பாவைத் திறந்தால் அப்படியே இருக்கும். மித்ரா சாகேப் எங்கள் பெரிய அதிகாரி. முந்தாநாள் மீன் விவகாரத்துக்குப் பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் பிசகாத அந்த மூக்கு, ஹாக்கி விஷயத்தில் மட்டும் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. ஆபீஸுக்குப் பின்னால், பவானிபூர் சந்துகளுக்கு நடுவே எங்களுக்குச் சொந்தமாக ஒரு மைதானம் இருந்தது. மேட்ச் தொடங்குமுன் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். அண்ணாச்சி ஒவ்வொருவன் மட்டையையும் வாங்கி, கைப்பிடியை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். பிறகு கோல்போஸ்டுக்கு முன்னால் குப்புறப் படுத்துப் புல்லில் மூக்கைப் புதைப்பார். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஜெயிக்கிற வாசனை அடிக்குல!" என்று அறிவிப்பார். அன்றைக்குத் தோற்போம்.

"என்ன அண்ணாச்சி, ஜெயிப்போம்னு சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாசனை சரிதான் தங்கச்சி. எதிர்த்த டீம்காரன் வாசனைய நம்மளோடதுன்னு நெனச்சிட்டேன்."

ஆனாலும் அவர் மோந்து பார்க்காமல் பையன்கள் மைதானத்தில் கால் வைக்க மாட்டார்கள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த டோப்போ என்று ஒரு கோல்கீப்பர் இருந்தான். ஆறடி உயரம், அதிர்ந்து பேசத் தெரியாது. அண்ணாச்சி என்பதுதான் அவர் பெயர் என்றே அவன் நினைத்திருந்தான். பஞ்சாப் பையன்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அத்தனை பேரும் ஒப்பந்தத்தில் ஆட வந்தவர்கள். மைதானத்தில் இருக்கிறவரை சம்பளமும் மெஸ் சாப்பாடும் உண்டு. இரண்டு மூன்று வருஷம் நன்றாக ஆடினால் நிரந்தர வேலை. அதைச் சொல்லித்தான் ஊர் ஊராகப் போய் அவர்களை அண்ணாச்சி அழைத்து வந்திருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அந்த மூக்கு வந்திருந்தது. என் வீட்டில் பெரியவர்கள் குறைவு என்று அப்பா அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை பஜ்ஜியை வாயில் வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி மூக்கைத் தூக்கி, "மாப்பிள்ளை பீடி குடிப்பாக போலுக்கு" என்றார். பீடி குடித்தவர் கீழ்வீட்டு வங்காளிப் பெரியவர் என்பது அவர்கள் எழுந்து போன பிறகு தெரிந்தது. அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நான் மறுநாளே பேசிவிட்டேன். எனக்கும் அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் எங்கள் மைதானத்துக்குச் சனி பிடித்தது. பவானிபூரில் அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடப்பது மேலிடத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அடுக்குமாடி கட்ட இடத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஊருக்குக் கிழக்கே, பைபாஸுக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் காலி செய்துவிட்டுப் போன நிலத்தை ஹாக்கிக்கு வாங்கிவிட்டார்கள். பூஜை லீவு முடிந்ததும் டீம் முழுவதையும் ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றி இடம் பார்க்க அழைத்துப் போனார்கள்.

பஸ்ஸிலேயே மித்ரா சாகேப் விஷயத்தை உடைத்துவிட்டார். டீமையே கலைத்துவிடலாம் என்று தலைமையகத்தில் பேச்சு இருக்கிறதாம். புது இடம் ஆட லாயக்கில்லை என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையே காரணமாக வைத்து மூடிவிடுவார்களாம். "அப்புறம் இந்தப் பையன்கள் ஊருக்குப் போக வேண்டியதுதான், நாக்-தா. பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தது நல்ல எண்ணத்தில்தான்.

பைபாஸைத் தாண்டியதும் அந்த நாற்றம் வந்தது. அழுகிய தோல், சுண்ணாம்பு, ஏதோ மருந்து, தேங்கிய சாக்கடை, எல்லாம் சேர்ந்த ஒன்று. டிரைவர் மைதானத்து கேட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே வண்டியை நிறுத்தி, இதற்கு மேல் என் பஸ் போகாது என்றான். பையன்கள் பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் புடவைத் தலைப்பை மூக்கில் திணித்தேன். மித்ரா சாகேப் இறங்கவே இல்லை. எல்லோரும் அண்ணாச்சியைத்தான் பார்த்தோம். பக்கத்து வீட்டில் ரசம் கொதித்தாலே உப்பு போதாது என்று சொல்கிற மூக்கு, இங்கே மயங்கி விழுந்துவிடும் என்று பயந்தேன்.

அண்ணாச்சி இறங்கினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன நாத்தம்? ஒண்ணும் இல்லையே" என்றார்.

"அண்ணாச்சி, கண்ணுல தண்ணி வருது."

"தூசி விழுந்துட்டு தங்கச்சி. எடம் நல்லா விசாலமா இருக்கு. ஏலே டோப்போ, கோல்போஸ்ட எங்கல ஊணலாம்?"

அன்றிலிருந்து எத்தனையோ வருஷத்துக்கு அந்த மைதானத்தில் நாற்றமே கிடையாது. அவர் வைத்ததுதான் சட்டம்.

நாற்றம் இல்லைதான், ஆனால் புல்லும் இல்லை. சீசன் வசந்தத்தில் தொடங்கும், அதற்குள் புல் வர வேண்டும். பழைய மைதானத்தில் புல்டோசர் வருவதற்கு முன் அண்ணாச்சி பையன்களை அழைத்துப் போய்ப் புல்லை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி எடுக்கச் சொன்னார். கொண்டுபோக லாரி கிடையாது. மெஸ்ஸில் இருந்த டிபன் கேரியர்கள் அத்தனையும் வெளியே வந்தன. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு புல் கட்டி. பையன்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறிப் போனார்கள். ஒருநாள் கூட்டத்தில் ஒரு கேரியர் திறந்துகொண்டு, ஒரு வங்காளி அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ பாவம், மதராஸிப் பிள்ளைகளுக்கு இதுதானா சாப்பாடு!" என்று டோப்போவுக்கு ஒரு சந்தேஷ் இனிப்பைக் கொடுத்தாராம். ராஞ்சிக்காரன் மதராஸியாகி அதையும் வாங்கித் தின்றுவிட்டு வந்தான்.

நட்ட புல் ஒரு வாரத்தில் மஞ்சளாகி, அடுத்த வாரத்தில் காணாமல் போனது. மண்ணைக் கிளறினால் மாட்டு முடியும் தோல் துண்டும் வந்தன. மழை பெய்தால் நீலமாகத் தண்ணீர் தேங்கும். வெள்ளைப் பந்து அதில் விழுந்தால் நீலப் பந்தாகத்தான் வெளியே வரும். அண்ணாச்சி ஹவுராவிலிருந்து படகில் வண்டல் மண் மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார். சாணி கரைத்து ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் தங்கவில்லை. பாலிகஞ்சில் அண்ணாச்சி ஃபிளாட்டுக்கு நான் போனபோது அவர் மனைவி, எனக்கு மதினி, தலையில் அடித்துக்கொண்டார். "இவுக துணிய நான் தனியா ஊறவச்சித் தொவைக்கேன். கேட்டா, நாத்தமே இல்லைங்காக. அப்ப எதுக்கு வாசல்லயே சட்டையக் கழத்துதாகன்னு கேளு தாயி!"

சீசன் வந்தது. எதிர் டீம் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு விட்டுப் பார்த்து, திரும்ப ஏறிவிட்டது. எங்களுக்கு வாக்ஓவர். அடுத்த டீமும் அப்படியே. டீமின் சரித்திரத்தில் முதல் தடவையாக, ஒரு கோலும் அடிக்காமல் நாங்கள் லீகில் முதலிடத்துக்கு வந்துவிட்டோம். "நம்ம கிரவுண்டுல நம்மள எவனாலயும் ஜெயிக்க முடியாதுல்லா?" என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு அவர் ஜெயிக்கிற வாசனை என்று சொன்னது முதல்முறையாகப் பலித்திருந்தது.

இதைக் கேள்விப்பட்ட லீக் நடத்துகிறவர்கள் மைதானத்தைப் பார்வையிட ஆள் அனுப்பினார்கள். அன்றைக்கு அண்ணாச்சி செய்த ஏற்பாடுகளைப் பார்த்திருக்க வேண்டும். நாலு மூலைக் கொடிக் கம்பத்திலும் துர்கா பூஜைத் தூபக்கால்கள் புகைந்தன. மேட்சுக்கு முன்னால் சாம்பிராணி போடுவது தமிழ்நாட்டு வழக்கம் என்று வந்தவர்களிடம் கூசாமல் சொன்னார். காற்று வருகிற பக்கத்தில் மதினி ஸ்டவ்வை வைத்து வெங்காய வடை சுட்டுக்கொண்டிருந்தார். மதினியின் வடைக்குப் பாலிகஞ்சே அடிமை. வந்த மூன்று பேரும் தட்டு தட்டாக உள்ளே தள்ளினார்கள்.

அவர்களில் மூத்தவர், இங்கே நாற்றம் என்கிறார்களே என்று இழுத்தார். அண்ணாச்சி என்னைக் காட்டினார். "எங்க காரியதரிசியக் கேளுங்க. தங்கச்சி, ஒனக்கு எதும் நாத்தம் அடிக்கா?"

"தாங்க முடியல அண்ணாச்சி" என்றேன் தமிழில்.

அவர் முகம் மலர அவர்கள் பக்கம் திரும்பி, வங்காளியில் மொழிபெயர்த்தார். "தாருண் ஹவா, அருமையான காற்று, ஆற்றங்கரையில் நிற்பதுபோல் இருக்கிறது என்கிறார்கள்."

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. மூத்தவர் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தார். சட்டென்று அண்ணாச்சி, "வடை எண்ணெய் பழசு! வீட்டுல அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே!" என்று மதினி மேல் பாய்ந்தார். மதினி கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தார். புது எண்ணெய் டின் பக்கத்திலேயே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து யாரும் குறை சொல்லாத கை அது. மதினி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "ஆமா, பழச ஊத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வை அணைத்தார். எனக்கு அன்றைக்குத்தான் ஹாக்கி என்றால் என்னவென்று கொஞ்சம் புரிந்தது.

ஒன்றும் பலிக்கவில்லை. அந்த மைதானம் உதவாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். தலைமையகம் அதற்காகவே காத்திருந்தது. டீமை மூடினார்கள். நிரந்தரமாகியிருந்த இரண்டொருவருக்கு மேஜை நாற்காலி கிடைத்தது. மற்ற பையன்களை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். டோப்போவுக்கு அடுத்த வருஷம் நிரந்தரமாகியிருக்கும்.

ஹவுரா ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். காலை நேரம், கூட்டம் நெரிந்தது. பையன்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றார்கள். மட்டையை நீட்டினார்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றாக வாங்கிக் கைப்பிடியை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கூலிகள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். கடைசியில் டோப்போ. அவன் மட்டையை மட்டும் ரொம்ப நேரம் முகத்தோடு வைத்திருந்தார்.

"ஜெயிக்கிற வாசனை அடிக்குல" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றான் டோப்போ. அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அவர் வாசனை பார்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போதும் நாங்கள் தலையாட்டினோம். அங்கே நின்று அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை.

டீம் போன பிறகும் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். புல் வந்துவிட்டால் பையன்களைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்று அவருக்குள் ஒரு கணக்கு. ரிட்டயர் ஆன பிறகும் போனார். நெஞ்சில் சளி கட்டி, இருமல் நிற்காமல் போனதும்தான் மதினி செருப்பை ஒளித்து வைத்து நிறுத்தினார்.

ஒருநாள் மதினியிடமிருந்து போன். "தாயி, அடுப்புல பால் தீஞ்சி கரியாயிட்டு. பக்கத்து ஃபிளாட்டு வங்காளிக்காரி நாத்தம் தாங்காம ஓடி வந்து கதவத் தட்டுதா. இவுக அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காக." டாக்டர் சோதித்துப் பார்த்து, வாசனை தெரிகிற சக்தி அடியோடு போய்விட்டது, திரும்பாது என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. நான் போனால் வழக்கம்போல மூக்கைத் தூக்கி, "தங்கச்சி டப்பால எலுமிச்சஞ்சோறு" என்பார். அது தயிர்சாதமாக இருக்கும். நான் ஆமாம் என்பேன். மதினி உள்ளே போய்விடுவார்.

அவர் எங்களை விட்டுப் போவதற்கு முந்தைய மழைக்காலம். உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் டாக்சி அந்தப் பக்கமாகப் போனது. என்ன தோன்றியதோ, நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இறங்கும்போதே பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்தேன். தேவைப்படவில்லை. தொழிற்சாலைகள் போய், இத்தனை மழை பெய்து, நாற்றம் எப்போதோ ஓய்ந்திருந்தது. துருப்பிடித்த கோல்போஸ்டுக்கு முன்னால், அண்ணாச்சி வண்டல் கொட்டிய இடத்தில், முழங்கால் உயரத்துக்குப் புல். இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்டிவிட்டு ஒரு கைப்பிடி பிடுங்கி, பேப்பரில் சுற்றி, நேரே பாலிகஞ்சுக்கு விடச் சொன்னேன்.

அண்ணாச்சி கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார், மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. பேப்பரைப் பிரித்து அவர் கையில் வைத்தேன்.

"நம்ம புது கிரவுண்டுல புல் வந்துட்டு அண்ணாச்சி. கோல்போஸ்டுக்கு முன்னால."

அவர் புல்லை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். கோல்போஸ்டுக்கு முன்னால் குப்புறப் படுத்திருப்பாரே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். இருமல் வந்தது. மதினி தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கையால் தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு மதினியைப் பார்த்து நிமிர்ந்தார்.

"சீ! என்னா நாத்தம்! அழுகுன தோலு, சுண்ணாம்பு… குடலப் பொரட்டுது. ஏட்டி, மூக்கு போயிட்டுன்னு எந்த டாக்டருட்டி சொன்னான்?"

இத்தனை வருஷம் இல்லவே இல்லை என்று சாதித்த மனிதர், அது இல்லாமலே போன பிறகு சொல்கிறார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மதினி தண்ணீர்ச் செம்போடு என்னைப் பார்த்தார். என் கையில் புல் வாசனை இருந்தது. மழையில் நனைந்த, சுத்தமான, வெறும் புல் வாசனை.

"என்ன தங்கச்சி, ஒனக்கு அடிக்கலையா?"

நான் புடவைத் தலைப்பால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டேன்.

"அடிக்குது. தாங்க முடியல அண்ணாச்சி."